விராலுக்கு மேல்தண்ணீர்த் தூண்டில்: ராடு, ரீல், லைன் வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஏரிகளிலும் குட்டைகளிலும் மாசி முதல் சித்திரை வரை ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. மண்புழு, தக்கை, மூங்கில் குச்சித் தூண்டில் வேறு கலை. அது இங்கே இல்லை.

புதிதாக வாங்கப் போகிறேன். முதலில் பார்க்க வேண்டியது ராடா, ரீலா?

இரண்டும் இல்லை. நீங்கள் வீசப்போகும் தண்ணீரை முதலில் போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரையும் கோரையும் அடைத்துக்கொண்ட குட்டை ஒரு வகை. தண்ணீர் வடிந்து, சீமைக் கருவேலக் கட்டைகளும் காட்டாமணக்குப் புதரும் பாதி நனைந்து நிற்கும் ஏரிக்கரை இன்னொரு வகை. அல்லி இலை அங்கங்கே மிதக்க, நடுவே வெறும் தண்ணீர் கிடப்பது மூன்றாவது.

தண்ணீர் தெரிந்தால் எந்தத் தவளை என்று தெரியும். தவளையின் எடை தெரிந்தால் லைனும் ராடும் முடிவாகும். ரீல் கடைசியில்தான். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் ரீலை முதலில் வாங்கிவிட்டு, மிச்சக் காசில் கிடைத்த ராடையும் மட்டமான லைனையும் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனால், முதல் பெரிய விரால் ஆகாயத்தாமரைக்குள் புகுந்து லைனை அறுத்துக்கொண்டு போய்விடும். கையில் 100 ரூபாய் இருந்தால் 40 ராடுக்கு, 25 ரீலுக்கு, 20 லைனுக்கு, 15 தவளைகளுக்கு என்று பிரியுங்கள். தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்தப் பங்கு மாற வேண்டாம்.

மாசி, பங்குனி, சித்திரைக்கு அப்படி என்ன விசேஷம்?

மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும் சமயத்தில் நம் ஏரிகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஏரி முழுக்கப் பரவிக் கிடந்த மீன், மிஞ்சிய புதரோரத்துக்கும் மதகுப் பள்ளத்துக்கும் ஒதுங்குகிறது. வெயில் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குறையும். மற்ற மீன்கள் திணறும் அந்தச் சமயத்தில் விரால் மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கிக்கொள்ளும். தண்ணீர்ப் பரப்பில் 'புளுக்' என்று ஒரு வளையம் விரிந்தால் அது பெரும்பாலும் அதுதான். மேலே வந்து போகும் மீனுக்கு மேலேயே இரை காட்டுவதுதான் இந்தத் தூண்டிலின் அடிப்படை.

விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரையும், சாயங்காலம் நாலரைக்கு மேலும் நல்ல நேரம். உச்சி வெயிலில் மீன் ஆகாயத்தாமரையின் நிழலுக்கு அடியில் கிடக்கும். அப்போது வெறும் தண்ணீரில் வீசுவது வீண். இலைக்கு மேலேயே இழுக்க வேண்டும்.

இணையக் காணொளிகள் எல்லாம் அமெரிக்க பாஸ் மீனுக்குச் சொல்கின்றன. அந்த அளவுகள் நமக்குச் சரிப்படுமா?

பாதி சரிப்படும். மேல்தண்ணீர் இரைக்கான கருவிகள் பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனை நினைத்துச் செய்யப்பட்டவை. அங்கே குளிர்காலம் முடிந்து, தண்ணீர் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போதுதான் அந்த மீன் மேலே பாய ஆரம்பிக்கும். அதனால்தான் 'வசந்தகால மேல்தண்ணீர்' என்று தனியாகப் பேசுகிறார்கள். நம் ஏரிகளுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. இங்கே சூடு எப்போதும் போதும். பார்க்க வேண்டியது நீர்மட்டத்தையும் நிழலையும்தான்.

வாயிலும் வித்தியாசம் உண்டு. பாஸ் பெரிய வாயைத் திறந்து இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதன் பற்கள் அரம் போலப் பொடியானவை. விரால் கவ்விப் பிடிக்கும் மீன். கூரான பல்லும் கெட்டியான தாடையும் உண்டு. அதனால் பாஸுக்கு வெறும் தண்ணீரில் பாப்பர் (இழுத்தால் தண்ணீரைத் தெறிக்கவிடும் போலி மீன்) வீசப் பரிந்துரைக்கும் மென்மையான மீடியம் ராடும் 12 பவுண்டு தாங்கும் தங்கூசியும் (நைலான் நரம்பு) இங்கே எடுபடாது. ஆனால் பாஸுக்கே புல்லுக்குள் தவளை வீசச் சொல்லும் ராடும் தடித்த பிரெய்டு லைனும் (பல இழைகளைப் பின்னியது) அப்படியே பொருந்தும். காணொளி பார்ப்பதானால் அந்த வகையைத் தேடுங்கள்.

ராடின் நீளம், பவர், ஆக்‌ஷன் என்ன இருக்க வேண்டும்?

ஒரே ஒரு ராடு என்றால் 7 அடி, மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 7 முதல் 28 கிராம் வரை இரை தாங்கும் என்று அடிப்பகுதியில் அச்சிட்டிருப்பது. மூன்றையும் விளக்கமாகப் பார்ப்போம், ஏமாறுவது இங்கேதான்.

நீளம்: ஏரிக்கரை மேல் நின்று வீசும்போது 7 அடி ராடு தூரம் தரும், மீன் மாட்டியதும் லைனை இலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க உதவும். கருவேல மரங்களுக்கு இடையில் புகுந்து வீசுகிற ஆள் நீங்கள் என்றால் ஆறரை அடி போதும். கிளையில் நுனி தட்டி உடைவதை அது தவிர்க்கும். ஏழரை அடிக்கு மேல் போனால் பைக்கில் கொண்டுபோவதும் கடினம், மணிக்கணக்கில் வீசினால் மணிக்கட்டும் வலிக்கும்.

பவர் என்பது ராடு எவ்வளவு எடையைத் தூக்கும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஃபாஸ்ட் என்றால் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்து, கீழே விறைப்பாக நிற்கும். அந்த விறைப்புதான் முள்ளை விராலின் தாடையில் ஏற்றுகிறது. எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் என்று இன்னும் விறைப்பானது கிடைக்கும். அதில் 10 கிராமுக்குக் குறைந்த தவளை சரியாகப் பறக்காது. நுனி வளைந்தால்தானே எடை குறைந்த இரையை உந்தித் தள்ளும். நடுவரை வளையும் மாடரேட் ராடு தூரமாக வீசும், ஆனால் முள்ளை ஏற்றும்போது பஞ்சு மெத்தையைக் குத்துவது போல் விசையை எல்லாம் தானே விழுங்கிவிடும்.

ஆகாயத்தாமரை மட்டுமே உள்ள தண்ணீருக்கு ஹெவி பவர் எடுக்கலாம். கொரவை மட்டும் பிடிக்கிற சின்னக் குட்டை என்றால் மீடியம் ராடும் 3 அல்லது 4 செ.மீ. தவளையும் போதும்.

ராடில் '12–25 பவுண்டு லைன்' என்று அச்சிட்டிருக்கும். அது பொதுவாகத் தங்கூசி நரம்பை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. 50 பவுண்டு பிரெய்டு சுற்றினால் ராடு உடைந்துவிடாது. ஆனால் டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிப்பு) 50 பவுண்டுக்கு இறுக்கினால் உடையும். லைன் தாங்கும் அளவுக்கு ராடும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

கடையில் ராடைக் கையில் வாங்கி என்ன சோதிப்பது?

அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ராடைத் தரைக்கு இணையாகப் பிடித்து, வளையங்கள் வழியே லைன் கோத்து, நுனியில் பாட்டிலை மெதுவாகத் தொங்கவிடுங்கள். வளைவு மேல் மூன்றில் ஒரு பங்கோடு நிற்க வேண்டும். பாதி வரை இறங்கினால், அச்சு என்ன சொன்னாலும் அது உங்களுக்கு வேண்டிய ராடு இல்லை.

அடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் கொஞ்சம் பஞ்சைத் தேயுங்கள். இழை சிக்கினால் செராமிக்கில் கீறல் இருக்கிறது என்று அர்த்தம். பிரெய்டு அங்கே ஒரு நாளில் நைந்துவிடும். இரண்டு துண்டு ராடென்றால் மாட்டிவிட்டு, கண்ணை அடியில் வைத்து வளையங்கள் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். ரீல் உட்காரும் இடத்தில் உங்கள் ரீலையே மாட்டி முறுக்கி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ராடும் ரீலும் சேர்ந்து 450 கிராமுக்குள் இருந்தால் காலை முழுக்க வீசலாம்.

ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டரா?

முதல் ரீல் என்றால் ஸ்பின்னிங், 3000 அல்லது 4000 அளவு. தயங்க வேண்டாம். 8, 10 கிராம் சின்னத் தவளையை எதிர்காற்றிலும் வீசும், சிக்கு குறைவு, பழக ஒரு சாயங்காலம் போதும். அதற்கு ஒரே இடைஞ்சல், தடித்த பிரெய்டு ஆள்காட்டி விரலை அறுப்பது. விரலில் துணி பிளாஸ்திரி சுற்றிக்கொண்டால் தீர்ந்தது.

பெய்ட்காஸ்டர், 14 கிராமும் அதற்கு மேலும் உள்ள தவளையைக் குறிபார்த்துப் புதரின் சந்தில் இறக்க அருமையான கருவி. கட்டைவிரலால் ஸ்பூலை (லைன் சுற்றிய உருளை) தடவி, தவளையை நினைத்த இடத்தில் சத்தமில்லாமல் இறக்கலாம். மீனை இலைக்குள்ளிருந்து பிடுங்கும் பலமும் அதிகம். ஆனால் பழக ஒரு மாதம் வேண்டும். இன்னொன்று: கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பின்னிங்கில் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் முடியாது.

ராடும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ஸ்பின்னிங் ராடில் ரீல் கீழே தொங்கும், முதல் வளையம் பெரியது. பெய்ட்காஸ்டர் ராடில் ரீல் மேலே உட்காரும், வளையங்கள் சிறியவை, பிடியில் விரல் கொக்கி இருக்கும். ஒன்றில் மற்றதை மாட்டினால் இரண்டும் கெடும்.

கியர் விகிதம் 7.1, 5.2 என்று சொல்கிறார்களே, எது நல்லது?

தனியாக அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கைப்பிடி ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் லைன் உள்ளே வருகிறது என்பதுதான் கணக்கு. ஸ்பூலில் லைன் சுற்றிய விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, அதைக் கியர் விகிதத்தால் பெருக்குங்கள். 33 மி.மீ. விட்டமுள்ள பெய்ட்காஸ்டர் 7.1 விகிதத்தில் சுமார் 74 செ.மீ. இழுக்கும், 5.4 என்றால் 56 செ.மீ. தான். 47 மி.மீ. ஸ்பூல் உள்ள ஸ்பின்னிங் ரீல் வெறும் 5.2 விகிதத்திலேயே 77 செ.மீ. இழுத்துவிடும், 6.2 என்றால் 91 செ.மீ.

தவளைக்குக் குறைந்தது 70 செ.மீ. வேண்டும். தவளையை மெதுவாகத்தான் இழுக்கிறோம், அப்புறம் வேகம் எதற்கு? மீன் அடித்ததும் தொய்ந்து கிடக்கும் லைனை இரண்டு சுற்றில் இறுக்கத்தான். அந்த இரண்டு சுற்றில்தான் மீன் இலைக்கு அடியில் திரும்புகிறது.

டிராக் எவ்வளவு இறுக்குவது?

பெட்டியில் '10 கிலோ', '12 கிலோ' என்று போட்டிருப்பது உச்சவரம்பு. அவ்வளவு இறுக்கிப் பயன்படுத்த அது இல்லை. மீடியம் ஹெவி ராடுக்கு 4 கிலோ சரியான தொடக்கம். லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசில் லைனைக் கட்டி, ராடை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து இழுங்கள். தராசு 4 கிலோ காட்டும்போது லைன் கழல ஆரம்பிக்க வேண்டும். கையால் இழுத்துப் பார்த்து 'இறுக்கமாகத்தான் இருக்கிறது' என்பவர்களின் டிராக் தராசில் பெரும்பாலும் இரண்டு கிலோ கூடத் தேறாது.

ஆகாயத்தாமரைக்குள் வீசும்போது 5 கிலோ வரை ஏற்றலாம். அதற்கு மேல் ராடுதான் தாங்காது.

எந்த லைன்? எவ்வளவு தடிமன்?

பிரெய்டு மட்டும். தங்கூசி நரம்பு இழுத்தால் நீளும். 25 மீட்டர் தூரத்தில் மீன் அடித்தால் நீங்கள் கொடுக்கும் இழுப்பில் பாதி அந்த நீட்சியிலேயே போய்விடும். பிரெய்டு நீளாது, மிதக்கும், ஆகாயத்தாமரைத் தண்டை ஓரளவு அறுத்துக்கொண்டும் வரும்.

அல்லி இலை, திறந்த தண்ணீருக்கு 30 பவுண்டு. கோரை, காட்டாமணக்குக்கு 40. ஆகாயத்தாமரைக்கும் முட்கட்டைக்கும் 50 முதல் 65. கிலோவில் சொன்னால் 40 பவுண்டு 18 கிலோ, 50 பவுண்டு 22.7 கிலோ. விரால் அவ்வளவு எடை இருக்காதே என்பீர்கள். மீனின் எடைக்காக இந்தப் பலம் கேட்கவில்லை. மீனோடு சேர்ந்து வரும் ஐந்தாறு கிலோ செடிக்காகவும், கட்டையில் உரசும்போது லைன் சில இழைகளை இழந்த பிறகும் மிச்சம் இருக்க வேண்டிய பலத்துக்காகவும்தான்.

பெட்டியில் பவுண்டோடு 'பிஇ' எண்ணும் இருக்கும். அது தடிமனைச் சொல்கிறது. பிஇ 3 சுமார் 0.28 மி.மீ., பிஇ 4 சுமார் 0.33 மி.மீ. பிஇ 2 என்று போட்டுவிட்டு 60 பவுண்டு என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். நான்கு இழை லைன் கரடுமுரடாக இருக்கும், செடியை நன்றாக அறுக்கும், விலையும் குறைவு. எட்டு இழை வழவழப்பு, தூரம் போகும். முதல் லைனுக்கு நான்கு இழையே போதும்.

ஸ்பூலில் சுற்றிய லைன் மொத்தமாக வழுக்கிச் சுழல்கிறது. ஏன்?

பிரெய்டு உலோக ஸ்பூலைப் பிடிக்காது. மீன் இழுக்கும்போது டிராக் கழல்வது போலத் தெரியும். உண்மையில் லைன் கட்டு முழுக்க ஸ்பூல் மேல் சுழல்கிறது. அடியில் முதலில் 10 மீட்டர் தங்கூசி சுற்றி, அதோடு பிரெய்டை டபுள் யூனி முடிச்சால் இணையுங்கள். தங்கூசி இல்லாவிட்டால் ஸ்பூலில் ஒரு சுற்று துணி பிளாஸ்திரி ஒட்டினாலும் ஆகும்.

சுற்றும்போது ஈரத்துணிக்குள் லைனைப் பிடித்து, விரல் சுடும் அளவுக்கு இறுக்கமாகச் சுற்றுங்கள். தொளதொளவென்று சுற்றினால் அடுத்த இழுப்பில் மேல் லைன் கீழ் அடுக்குக்குள் புதைந்து, அதற்கடுத்த வீச்சில் தவளை பாதியில் வெட்டிக்கொண்டு பறந்துவிடும். ஸ்பூல் விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். ததும்பச் சுற்றினால் வளையம் வளையமாகக் கழன்று சிக்கும். 100 மீட்டர் பிரெய்டு தாராளம். ஒரு பருவம் முடிந்ததும் லைனைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் உள்ளே தேயாமல் இருந்த பாதி மேலே வரும். ஒரு லைனில் இரண்டு வருஷம் ஓட்டலாம்.

முடிச்சு எது? லீடர் கட்ட வேண்டுமா?

பாலமர் முடிச்சு. லைனை 20 செ.மீ. இரட்டையாக மடித்துத் தவளையின் மூக்கு வளையத்தில் நுழையுங்கள். இரட்டை லைனில் ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். நுனியில் இருக்கும் கண்ணிக்குள் தவளை முழுவதையும் நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, இரண்டு லைனையும் சேர்த்து இழுத்து இறுக்குங்கள். மிச்சத்தை அரை செ.மீ. விட்டு வெட்டுங்கள். நனைக்காமல் இறுக்கினால் லைன் உராய்ந்து சூடாகி அங்கேயே பலம் போய்விடும்.

லீடர் என்பது லைனின் நுனியில் இணைக்கும் வேறு நரம்புத் துண்டு. செடிக்குள் வீசுகிறவர்களுக்கு அது வேண்டாம். அதை இணைக்கும் முடிச்சு ராடின் வளையத்தில் தட்டும், பாசியைக் கோத்துக்கொள்ளும். ஸ்னாப், ஸ்வைவல் போன்ற உலோக இணைப்புகளும் வேண்டாம். மூக்கில் எடை கூடித் தவளை தலைகுப்புற நிற்கும். வெறும் தண்ணீரில் பாப்பர் வீசினால் மட்டும் 40 பவுண்டு தங்கூசி 30 செ.மீ. கட்டுங்கள். மூன்று கிளை முள் மெல்லிய பிரெய்டில் சுற்றிக்கொள்வதை அது தடுக்கும், பல்லையும் தாங்கும். ஃபுளோரோகார்பன் என்ற நரம்பு, தங்கூசியை விட வேகமாக மூழ்கி இரையின் மூக்கைக் கீழே இழுக்கும். மேல்தண்ணீர் வேலைக்கு அது ஆகாது. ஐந்தாறு மீனுக்கு ஒரு முறை கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

தவளையில் எதைப் பார்ப்பது? வாங்கியபடியே போடலாமா?

நம் ஏரி விராலுக்கு 4 முதல் 6 செ.மீ., 8 முதல் 14 கிராம். நிறத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். மீன் கீழிருந்து பார்க்கிறது. விடியலிலும் கலங்கல் தண்ணீரிலும் கறுப்பு, வெயிலில் பச்சை அல்லது வெள்ளை வயிறு, இரண்டு போதும். பின்னால் தகடு சுழலும் ஜம்ப் ஃபிராக் திறந்த தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். அடர்ந்த கோரைக்குள் அந்தத் தகடு பாசியைச் சுற்றிக்கொள்ளும். அங்கே வெறும் கால் உள்ள தவளையே சரி.

கடையிலேயே உடம்பை இரண்டு விரலால் அமுக்குங்கள். சிரமமில்லாமல் சப்பையாகி இரண்டு முள்ளும் வெளியே வர வேண்டும். விறைப்பான ரப்பர் என்றால் மீனின் வாயிலும் விறைப்பாகவே இருக்கும், முள் வெளியே வராது. விலை குறைந்த தவளைகளின் பெரிய குறை இதுதான். கொஞ்சம் விறைப்பு என்றால் சுடுதண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டு அமுக்கி அமுக்கி இளக்கலாம்.

வாங்கியபின் மூன்று வேலை இருக்கிறது. முள் முனைகளை இடுக்கியால் 2 மி.மீ. வெளிப்பக்கம் லேசாகத் திருப்புங்கள். அதிகம் திருப்பினால் ஒவ்வொரு கோரைத் தண்டிலும் மாட்டும். கால் நூல்கள் நீளமாக இருந்தால் 5 செ.மீ. விட்டு வெட்டுங்கள், ஒரு பக்கம் 1 செ.மீ. குறைவாக இருந்தால் தவளை இடம் வலமாக நெளிந்து வரும். மூக்கில் கம்பி வெளிவரும் ஓட்டையில் ஒரு சொட்டு ரப்பர் பசை விட்டால் தண்ணீர் உள்ளே ஏறுவது குறையும். ஆனாலும் ஏறும், பத்து வீச்சுக்கு ஒரு முறை அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் நிறைந்த தவளை சப்பையாகாது, அதனால் மீனும் மாட்டாது.

வீசினால் ஸ்பூலில் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்கிறதே?

பெய்ட்காஸ்டரில் தவளை காற்றில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழல்வதால் வருவது. கைப்பிடி அருகில் இருக்கும் சிறு திருகை, தவளை தன் எடையில் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி இறுக்குங்கள். பக்கவாட்டு பிரேக்கை உச்சத்தில் வைத்துத் தொடங்கி, நாளுக்கு ஓர் எண் குறையுங்கள். தண்ணீரைத் தொடும் நொடிக்கு முன் கட்டைவிரல் ஸ்பூலில் இருக்க வேண்டும். எதிர்காற்றில் பிரேக்கை இரண்டு எண் கூட்டுங்கள்.

ஸ்பின்னிங்கில் காரணம் வேறு. தவளை விழுந்ததும் கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை (லைனைப் பிடிக்கும் கம்பி வளைவு) மூடினால் முதல் சுற்று தொய்வாக ஏறும். அடுத்த வீச்சில் அதுதான் கட்டியாக வரும். பெயிலைக் கையால் மூடி, லைனை ஒரு முறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். இந்த ஒரு பழக்கத்தில் பெரும்பாலான சிக்கு போய்விடும்.

மீன் அடிக்கிறது, ஆனால் மாட்டவே இல்லை. ராடு சரியில்லையா?

பெரும்பாலும் அவசரம். தண்ணீர் வெடித்ததும் கை தானாக ராடைத் தூக்கிவிடும். அப்போது தவளை மீனின் வாயில் பாதிகூடப் போயிருக்காது. சத்தத்தை விட்டுவிடுங்கள், லைனைப் பாருங்கள். அடித்ததும் ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள், தொய்வைச் சுற்றி எடுங்கள், லைன் நகர்வதோ கனப்பதோ தெரிந்ததும் ஒரே வீச்சில் ஓங்கி மேலே இழுங்கள். இதற்கெல்லாம் ஒன்றரை நொடி ஆகும். அதன்பின் நிறுத்தாமல் சுற்றி, மீனின் தலையை இலைக்கு மேல் கொண்டுவர வேண்டும். ரசித்து விளையாட்டுக் காட்டுவது திறந்த தண்ணீருக்கு. செடிக்குள் ஐந்து நொடி விட்டால் மீன் தண்டைச் சுற்றிவிடும்.

அதுவும் சரியாக இருந்து மாட்டவில்லை என்றால் முள் முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது. அடுத்து தவளைக்குள் தண்ணீர், அடுத்து டிராக் தளர்வு, கடைசியாகத்தான் ராடு. மூச்சு விட்ட வளையத்தின் மேலேயே தவளையைப் போடுவதும் தவறு. ஒன்றிரண்டு மீட்டர் தாண்டிப் போட்டு, அந்த வழியாக இழுத்து வாருங்கள்.

ஓங்கி இழுத்து மீன் தப்பினால், நீளாத லைனில் அந்தத் தவளை நேராக உங்கள் முகத்துக்கு வரும். கண்ணாடி போடாமல் வீச வேண்டாம். பக்கத்தில் குழந்தைகள் நின்றால் அவர்களைப் பின்னால் அனுப்பிவிட்டு வீசுங்கள்.

ராடு எப்படி உடைகிறது?

மீனைக் கரைக்கு ஏற்றும்போது. லைன் குட்டையாகிவிட்ட நிலையில் ராடைத் தலைக்கு மேல் நிமிர்த்தினால் சுமை முழுக்க மெல்லிய நுனிக்குப் போய் 'படக்' என்று முறியும். இரண்டு கிலோ விராலை ராடால் தூக்காதீர்கள். லைனைக் கையுறையோடு பிடியுங்கள் அல்லது லிப் கிரிப்பால் தாடையைக் கவ்வி எடுங்கள். விரலை வாய்க்குள் விடாதீர்கள். முள் கட்டையில் மாட்டினாலும் ராடால் ஆட்டாமல், ராடை லைனுக்கு நேராக நீட்டிப் பின்னால் நடந்து இழுங்கள்.

பைக்கில் கொண்டுபோக 2 அங்குல பிவிசி குழாயில் ஒரு பக்கம் மூடி ஒட்டி, மறுபக்கம் கழற்றும் மூடி வைத்தால் நல்ல உறை. 7 அடி இரண்டு துண்டு ராடுக்கு 115 செ.மீ. குழாய் போதும்.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். சித்திரையில் கோடை மழைக்கு இடி முழங்கினால் ராடைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீர் இல்லாத பக்கமாகக் கரையிலிருந்து இறங்கிவிடுங்கள். ஏரிக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் வீசவே வேண்டாம்.

பராமரிப்பு?

நம் பக்கம் போர்வெல் தண்ணீர் கடினமானது. அதில் ரீலைக் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாக உப்புப் படியும். ஈரத்துணியால் துடைத்து, டிராக்கைத் தளர்த்திவிட்டு, நிழலில் காயவையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர் அமுங்கி, அடுத்த முறை டிராக் விட்டுவிட்டு இழுக்கும். மாதம் ஒரு முறை லைன் ரோலருக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். தவளைகளைப் பூட்டிய காரில் வெயிலில் விடாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டி உருகிவிடும்.

எங்கே வீசலாம்? அனுமதி வேண்டுமா?

வேண்டும். கே.ஆர்.பி. அணை, பாம்பாறு, வாணியாறு போன்ற அணைகளானாலும் ஊர் ஏரியானாலும் மீன்பிடி உரிமை யாரோ ஒருவரிடம் இருக்கும்: மீன்வளத்துறை, மீனவர் கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி அல்லது குத்தகை எடுத்தவர். குஞ்சு விட்டு வளர்ப்பது அவர்கள் பணம். கரையில் இருப்பவரிடம் "அண்ணா, இந்த ஏரி யாருங்க குத்தகை?" என்று கேட்டு, அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீசுங்கள். ஒரு தொகை சொன்னால் கொடுங்கள்.

காவிரிப் பக்கம் வேண்டாம். இந்த இரு மாவட்டங்களின் காவிரிக்கரைக் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பொருந்தும். முதுகில் திமில் உள்ள காவிரி மஹசீர், உலகில் அழிவின் விளிம்பில் நிற்கும் மீன்களில் ஒன்று, காவிரி ஆற்றுத் தொகுதியை விட்டால் வேறெங்கும் அதற்கு இயற்கை வீடு இல்லை. ஆற்றில் முதலையும் உண்டு.

செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிக்கின்றன. அங்கே தவளை போட்டால் உடனே அடிக்குமாமே?

அடிக்கும். பசியால் இல்லை, தாயும் தகப்பனும் குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டு கீழே நிற்கின்றன, நெருங்கும் எதையும் கடிக்கும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் சற்று நேரத்தில் கெண்டையும் கெளுத்தியும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஆயிரக்கணக்கான குஞ்சுகள் போகும். அந்தக் கொப்பளிப்பைக் கண்டால் லைனைச் சுற்றிக்கொண்டு ஐம்பது மீட்டர் தள்ளிப் போய் வீசுங்கள். தெரியாமல் மாட்டிவிட்டாலும், முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள் அமுக்கப்பட்டிருந்தால் சட்டென்று கழலும். இடுக்கியால் எடுத்து, கையை நனைத்து மீனைப் பிடித்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள். தள்ளிப் போய் விட்டால் அது கூட்டத்துக்குத் திரும்பி வருவதற்குள் நேரமாகிவிடும். எதிர்முள்ளை அமுக்கினால் மீன் தப்பிவிடுமோ என்று பயம் வேண்டாம், லைன் தொய்யாமல் சுற்றும் வரை கழலாது. எல்லாத் தவளையிலும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அமுக்கிவிடுங்கள்.